விளக்கை அணைத்தால் ஓடுகிறது

கொச்கோரில் ஒன்பதாம் நாளாகப் பனி.
என் கொட்டகையில் அந்தச் சாம்பல் வேன்,
வடிவத்தைப் பார்த்து ஊரே
ரொட்டி என்று கூப்பிடும் ரஷ்ய வண்டி.
அதன் வயிற்றில் இப்போது ஜப்பான் எஞ்சின்.

பிஷ்கெக் சந்தையில் பேரம் பேசி வாங்கியது.
தேன் மாதிரி ஓடும் என்றான் விற்றவன்.
பொய்யில்லை.
முதல் பத்து நிமிடம் தேன்தான்.

அப்புறம் மிஸ்ஸிங்.
பீரோ தூக்கும் நால்வரில் ஒருவன்
மாடிப்படித் திருப்பத்தில்
திடீரென்று கையை விட்டால் எப்படியோ
அப்படி ஒரு குலுக்கல்.
யார் விட்டது என்று பார்ப்பதற்குள்
எல்லோரும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்,
உத்தமர்கள் மாதிரி.

திங்கட்கிழமை பிளக் நான்கும் புதிது.
செவ்வாய், காயில் இரண்டையும் இடம் மாற்றினேன்.
குற்றம் கூடவே இடம் மாறவில்லை.
அதன்பிறகும் புதுக் காயில் வாங்கினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கம்ப்ரெஷன் பார்த்தோம்:
பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்றரை, பன்னிரண்டு.
அந்த அரையைப் பிடித்துக்கொண்டு
ஒரு பகல் முழுக்கத் தொங்கினேன்.

காலையில் மூன்றாவது சிலிண்டர்,
சாயங்காலம் ஒன்றாவது.
வாடகை கொடுக்காமல்
வீடு மாறிக்கொண்டே இருக்கிறவன் மாதிரி
கதவைத் தட்டினால் அவன் அங்கே இல்லை.

வண்டிக்காரி சைராகுல், மாட்டு வைத்தியர்.
தினமும் வந்து நின்றாள்.
தினமும் அதையே சொன்னாள்:
"துராத், விளக்கைப் போட்டால் இருமுகிறது.
அணைத்தால் ஓடுகிறது.
சனிக்கிழமை தோலோன் கணவாயை
நிலா வெளிச்சத்திலேயே இறங்கி வந்தேன்."

நான் சிரித்தேன்.
பசுவுக்கு வேண்டுமானால் இருட்டில் சுகமாகும்,
எஞ்சினுக்கு என்ன என்றேன்.
என் மைத்துனன் இல்கிஸும் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்
யாருடைய கன்றையோ இழுத்துப் பிறப்பிக்க.

வியாழன் இரவு.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஸ்பானர் விரலில் ஒட்டுகிறது.
ஸ்டார்ட்டர் நோயாளி போல முனகி முனகிச் சுற்ற,
கீழே விழுந்த ஒரு நட்டைத் தேடி
எஞ்சினுக்குப் பின்னால் கைவிட்டேன்.
ஆக்சிலரேட்டர் கேபிள் பட்டது.

சுட்டது.

கொட்டகையில் டீ கூட
ஆறிப்போய்க் கிடக்கும் நேரத்தில்
ஒரு கேபிளுக்கு எங்கிருந்து காய்ச்சல்?

அப்படியே குந்தியிருந்தேன்.
எஞ்சின் ரப்பர் மெத்தைமேல்.
சைலன்சர் ரப்பர் வளையத்தில்.
வண்டிக்கும் எஞ்சினுக்கும்
தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லை,
இந்த மெல்லிய கம்பியைத் தவிர.
பாட்டரிக்குத் திரும்பவேண்டிய மின்சாரமெல்லாம்,
விளக்குக்கும் பொறிக்கும் ஆனதெல்லாம்,
நெடுஞ்சாலை லாரிகள் எல்லாம்
ஆட்டுப்பாதையில் நுழைந்த மாதிரி
இதன் வழியாக முட்டி மோதிப் போயிருக்கிறது.

"எர்த் பட்டை எங்கேடா?"

இல்கிஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.
தூக்கி எறிந்த பழைய எஞ்சின்
முற்றத்தில் பனிக்குள் புதைந்து கிடந்தது.
அதன் இடுப்பில், போல்ட் கூடக் கழலாமல்
தொங்கியது பின்னல் பட்டை.
கழற்றும்போது இந்த முனையை மட்டும்
நாங்கள்தான் விடுவித்திருக்கிறோம்.

வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைத்தோம்.
சட்டத்தின் பெயின்ட்டை வெள்ளை இரும்பு வரை சுரண்டினேன்.
இரண்டு போல்ட். பதினோரு நிமிடம்.
சாவியைத் திருப்பினேன், விளக்கைப் போட்டேன்,
ஹீட்டரைப் போட்டேன், வைப்பரைப் போட்டேன்.
போட முடிந்ததையெல்லாம் போட்டேன்.
நான்கு பேரும் பீரோவைச் சுமந்து
படியேறிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

காலையில் சைராகுல் வந்தாள்.
சட்டைக்கையில் காய்ந்த ரத்தம்.
கன்று பிழைத்ததா என்று கேட்டேன்.
ஒன்று, என்றாள். இரட்டை.

பில்லை நீட்டினேன்.
நின்றபடியே படித்தாள்:
எர்த் பட்டை, பழையது, விலை இல்லை.
கூலி.
பிளக் நான்கு.
காயில் இரண்டு.

பேனா கேட்டாள்.
காயில் இரண்டையும் அடித்தாள்.
பிளக்கில் கொஞ்சம் யோசித்தாள்,
விட்டுவிட்டாள்.

பிறகு பட்டப்பகலில்,
கண் கூசும் பனி வெளிச்சத்தில்,
முன்விளக்கு இரண்டையும் எரியவிட்டபடி
என் முற்றத்தைச் சுற்றி
ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனாள்.